இம்மினென்ட்டுக்குத் தமிழ்

மூலக்குளத்தில் ஒரு துணிக்கடையின் மாடியில் கோச்சிங் சென்டர் ஒன்று இருக்கிறது. பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்கு அங்கே நான் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். அதில் எனக்கு ரொம்பப் பிடித்ததும், என்னை ரொம்பப் படுத்துவதும் வொகாபுலரி வகுப்புதான். பிள்ளைகள் சொல்லை மாத்திரை மாதிரி விழுங்குவார்கள். இடது பக்கம் இங்கிலீஷ், வலது பக்கம் தமிழ், முடிந்தது வேலை. ஒரு சொல் யாரோடு சேரும், யாரோடு சேராது, எந்த இடத்தில் காலே வைக்காது என்று நான் சொல்ல ஆரம்பித்தால் கொட்டாவி விடுவார்கள். "மேடம், இது பரீட்சைல வருமா?" என்பார்கள். வராதுதான். அதற்காகச் சொல்லாமல் விட என்னால் முடியாது, என் புத்தி அப்படி.

எங்கள் சென்டர் மெட்டீரியலில் இம்மினென்ட் என்ற சொல்லுக்கு நேரே 'விரைவில் நிகழவிருக்கிற' என்று போட்டிருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் பக்கம் 'விரைவில்' என்ற வார்த்தைக்கு என்ன மரியாதை என்று எனக்குத் தெரியாதா? வில்லியனூர் ரோட்டில் ஒரு கடைக்கு 'விரைவில் திறப்பு விழா' என்று பிளக்ஸ் கட்டினார்கள். அது வெயிலில் வெளுத்து, எழுத்தெல்லாம் போய், கடைசியில் யாரோ வைக்கோல் போருக்கு மூட எடுத்துக்கொண்டு போனார்கள். கடையை இன்னும் திறந்தபாடில்லை. விரைவில் என்றால் இப்போதைக்கு இல்லை என்றுதான் எங்கள் ஊரில் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள்.

"இதை அடிச்சிட்டு நான் சொல்றத எழுதுங்க" என்பேன். இம்பென்டிங் என்று இன்னொரு சொல் இருக்கிறது. அது தலைக்கு மேல் தொங்குகிற விஷயம். தொங்குகிறதே என்ற பயத்தோடு நீ சாப்பிடலாம், தூங்கலாம், கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதிவிட்டு வரலாம். இம்மினென்ட் அப்படி இல்லை. கயிறு அறுந்தாயிற்று, இன்னும் தலையில் விழவில்லை, அவ்வளவுதான். இன்எவிடபிள் என்றால் தப்பவே முடியாதது. ஆனால் அது எப்போது வரும் என்று அந்தச் சொல் சொல்லாது. இம்மினென்ட் சொல்லும். ஆனால் தப்ப முடியுமா முடியாதா என்று அது சொல்லாது. அதனால்தான் அந்தச் சொல்லைக் கேட்டதும் உட்கார்ந்திருக்கிறவன் எழுந்திருக்க வேண்டும். இவ்வளவையும் கரும்பலகையில் படம் போட்டு விளக்குவேன்.

இன்னொன்றும் சொல்வேன். இது பெரும்பாலும் நல்ல காரியத்துக்கு வராத சொல். ஆபத்து, சாவு, சண்டை, இடிந்து விழுவது, இவற்றோடுதான் அதற்குச் சகவாசம். ஒரு பெண், தன் அக்காவின் கல்யாணம் இம்மினென்ட் என்று வாக்கியம் எழுதிக் காட்டினாள். "மாப்பிள்ளையைப் பாத்தாதான் இது சரியா தப்பான்னு என்னால சொல்ல முடியும்" என்றேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அப்படி நாங்கள் சிரித்துப் பேசிய சொல், சில வருஷம் முன்னால், மழை விட்ட ஒரு பகலில், என் போனில் அலறிக்கொண்டு வந்தது.

நான் வாழ்க்கைப்பட்டது குருவிநத்தம் பக்கம். பெண்ணையாற்றின் கரையை ஒட்டிய ஊர். ஊருக்கும் ஆற்றுக்கும் நடுவில் உயரமான மண்கரை. கரையைத் தாண்டி இறங்கினால் படுகை. ஆற்றை ஒட்டிய தாழ்ந்த நிலம், கரும்பு போட்டால் ஆளை மறைக்கும். எங்கள் நிலம் அங்கேதான் இருக்கிறது. நிலத்தின் ஒரு மூலையில், ஆற்றைப் பார்த்த மாதிரி, தூணும் தகரக் கூரையும் மட்டுமாக மோட்டார் கொட்டகை. கரைக்கும் நிலத்துக்கும் இடையில் ஒரு பழைய ஓடை போகிறது. வெயில் காலத்தில் அது ஓடை என்றே தெரியாது, டிராக்டர் அதில் இறங்கி ஏறும். மழைக் காலத்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். யாரும் அதை ஒரு பொருட்டாகவே எண்ணுவதில்லை.

வீட்டில் என் மாமனார், மாமியார், கணவர், நான். மாமனாரோடு நான் நேருக்கு நேர் பேசுவதில்லை. சண்டை இல்லை, முறை அப்படி. அவர் கூடத்துக்கு வந்தால் நான் உள்ளே போய்விடுவேன். நான் வந்தால் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். எனக்கு அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அத்தையிடம் சொல்வேன், அத்தை அவரிடம் சொல்வார். பதிலும் அதே வழியில் திரும்பி வரும். மைக் பிடித்து ஒரு ஹால் நிறையப் பிள்ளைகளை மிரட்டுகிற நான், வீட்டில் 'குழம்புக்கு உப்பு போதுமா' என்பதைக்கூட இன்னொருவர் வாயால் கேட்டுக்கொண்டிருந்தேன். எரிச்சல்தான். ஆனால் பழகிப்போன எரிச்சல்.

அன்றைக்குப் புயல் கரை கடந்து, மழை கொட்டித் தீர்த்து, வானம் வெளுத்திருந்தது. வெயில்கூட அடித்தது. ஊரே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தது. சென்டருக்கு லீவு, கணவர் கம்பெனியில் ஷிப்டில் இருந்தார். மேலே எங்கேயோ அணையைத் திறந்துவிட்டார்கள் என்று காலையிலேயே பேச்சு அடிபட்டது. மாமனார் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு படுகைக்குக் கிளம்பிவிட்டார். முந்தைய வெள்ளத்தில் மோட்டார் மூழ்கி, உள்ளே கருகிப்போன செம்புக் காயிலைத் திரும்பக் கட்டக் கொடுத்துவிட்டு, மெக்கானிக் கடை வாசலில் அவர் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தார். இந்த முறை தண்ணீர் வருவதற்குள் ஸ்டார்ட்டர் பெட்டியையும் கழற்றி, மோட்டாரையும் போல்ட் அவிழ்த்து வைத்துவிட்டால், சாயங்காலம் நாலு பேரை அழைத்துப்போய்த் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம் என்பது அவர் திட்டம்.

அவர் மட்டும் இல்லை, ஊரில் எல்லோருக்கும் இதில் ஒரு கணக்கு உண்டு. அணையில் காலையில் திறந்தால் எங்கள் படுகைக்கு வந்து சேர இருட்டிவிடும். அந்த நேரத்தைச் சோறு வடிக்கிற நேரம் மாதிரி கையிலேயே வைத்திருந்தார்கள். நடுவில் எத்தனை ஏரி உடைந்தது, எத்தனை ஓடை நிரம்பி ஆற்றில் விழுந்தது என்பதை அந்தக் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை.

அப்போதுதான் போன் அலறியது. அது மணி அடிக்கிற சத்தமே இல்லை, ஆம்புலன்ஸ் சத்தம். எடுத்துப் பார்த்தேன். பெண்ணையாற்றின் ஓரத்தில் தாழ்வான இடங்களில் வெள்ளம் இம்மினென்ட், உடனே மேட்டுக்குப் போகவும் என்று வந்திருந்தது. என் போன் இங்கிலீஷில் வைத்திருந்த போன், அதனால் இங்கிலீஷில் வந்தது. வாய்ப்பு இருக்கிறது என்று எழுதியிருக்கலாம், எதிர்பார்க்கப்படுகிறது என்று எழுதியிருக்கலாம். எழுதியவன் யாரோ, தெரிந்துதான் அந்தச் சொல்லைப் போட்டிருக்கிறான் என்று எனக்குத் தோன்றியது.

"இன்னாவாம்?" என்றார் அத்தை, முறத்தைக் கீழே வைக்காமலே.

"வெள்ளம் வருதாம் அத்த. இப்பவே. மாமாவ ஒடனே கரையேறச் சொல்லுங்க."

"இப்பவேன்னா?"

"இப்பவேன்னா இப்பவேதான் அத்த!"

அத்தை முறத்தை வைத்தார், கையைத் துடைத்தார், போனை எடுத்தார். "ஏங்க, தண்ணி வருதாமே... இந்தப் பொண்ணு போன்ல வந்துக்குதாம். ஆமா. வேலைய முடிச்சிக்கினு சீக்கிரமா வந்துடுங்க. பொறுமையா வாங்க, வழுக்கப் போவுது."

என் கண்ணெதிரிலேயே அந்தச் சொல் ஆறிப்போனது. நான் சொன்ன 'இப்பவே' அத்தையின் வாயில் 'சீக்கிரமா' ஆனது. அதற்கு முன்னால் 'வேலைய முடிச்சிக்கினு' சேர்ந்தது, பின்னால் 'பொறுமையா' வேறு. அத்தை மேல் குற்றம் இல்லை. புருஷனிடம் அவர் வாழ்நாள் முழுக்கப் பேசியது அந்தத் தொனியில்தான். அதில் அவசரத்துக்கு இடம் கிடையாது.

போனுக்குள் மாமனாரின் குரல் எனக்கே கேட்டது. "தோ வந்துட்டேன்!"

எங்கள் ஊரில் ஒருவர் 'தோ வந்துட்டேன்' என்றால், இன்னும் குளிக்கவே இல்லை என்று அர்த்தமாகலாம். சொன்னவரை யாரும் பொய்யர் என்று சொல்லமாட்டார்கள். அத்தைக்கும் அது தெரியும். ஆனாலும் அவர் முகம் தெளிந்துவிட்டது. "வராராம்" என்று மறுபடி முறத்தை எடுத்தார்.

"இன்னொரு தபா சொல்லுங்க அத்த. கழட்டறத வுட்டுட்டு வரச் சொல்லுங்க."

"வரேன்னு சொன்னாரே. ஆம்பளைய எத்தினி தபாதான் கூப்புடறது? கோவம் வந்துடும்."

கணவருக்குப் போன் போட்டேன். மெஷின் சத்தத்துக்கு நடுவில் கத்தினார். "எங்கப்பா பாக்காத வெள்ளமா? அந்த மெசேஜ்லாம் பயமுறுத்தறதுக்கு அனுப்பறாங்க. நீ டென்ஷன் ஆவாத."

"இம்மினென்ட்னு போட்டிருக்காங்க. இம்மினென்ட்னா இன்னான்னு தெரியுமா உனக்கு?"

"ஒரு வார்த்தைய வெச்சிக்கினு ஏம்மா..." என்று ஏதோ சொல்ல வந்தார். கட் பண்ணிவிட்டேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைச் சுவரில் அடித்திருப்பேன். நானே மாமனாரைக் கூப்பிடலாம் என்று தேடினால் அவர் நம்பர் என் போனில் இல்லை. அவரிடம் பேசுகிற வேலையே இல்லாத எனக்கு அவர் நம்பர் எதற்கு? அத்தையின் பக்கத்தில் இருந்த போனை எடுத்து அவருக்குப் போட்டேன். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. சட்டையைக் கழற்றிக் கொட்டகை ஆணியில் மாட்டியிருப்பார், போன் அதில் இருக்கும். ஸ்கூட்டி சாவியை எடுத்தேன். "எங்கடி போற?" என்று அத்தை கேட்டது பின்னால் கேட்டது.

கரைமேல் திருவிழாக் கூட்டம். ஊர் ஆம்பளைகள் எல்லோரும் ஆற்றைப் பார்த்து நின்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆறு செம்மண் நிறத்தில் பெரிதாகத்தான் போனது. ஆனால் படுகை மட்டத்துக்குக் கீழேதான் போனது. "ஆறு இன்னும் எறங்கித்தாம்மா ஓடுது, ஏம்மா பதட்டப்படற" என்றார் ஒருவர். நான் ஆற்றைப் பார்க்கவில்லை. வண்டியை நிறுத்தும்போதே எனக்குக் கால் பக்கம், கரைக்கு அடியில் இருந்த ஓடைதான் கண்ணில் பட்டது.

மழைத் தண்ணீர் தெளிவாக நிற்கிற ஓடை, சேறாக ஓடிக்கொண்டிருந்தது. நுரை வந்தது. யார் வீட்டுக் கூரைக் கீற்றோ ஒன்று வேகமாகப் போனது, பின்னாலேயே ஒரு பிளாஸ்டிக் குடம். மேலே எங்கேயோ ஆறு ஓடைக்குள் புகுந்துவிட்டது. ஆறு முன்னால் ஏறும் என்று எல்லோரும் முன்னால் பார்த்துக்கொண்டிருக்க, அது பின்பக்கமாக வந்து படுகையைத் தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தது. ஓடையின் அந்தப் பக்கம், கரும்பின் ஓரத்தில், கொட்டகையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து என் மாமனார் ஆற்றைப் பார்த்தபடி போல்ட்டைத் திருகிக்கொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் தண்ணீர் ஏறுவது அவருக்குத் தெரியாது.

"மாமா!" என்றேன்.

குரல் எழும்பவில்லை. வகுப்பில் கடைசி பெஞ்சை எழுப்புகிற குரல் எங்கே போனதோ. மறுபடி கூப்பிட்டேன். அவர் திரும்பிப் பார்த்தார். கரைமேல் நான் நிற்பதைக் கண்டு முகத்தைச் சுளித்தார். ஊர் ஆம்பளைகள் நடுவில் மருமகள் வந்து நிற்பதே அவருக்குப் பிடிக்கவில்லை.

"மாமா, வந்துடுங்க மாமா! தண்ணி வருதுங்க மாமா! தயவுசெஞ்சு எழுந்து வாங்க மாமா!"

அவர் கையை ஆட்டினார். இருக்கட்டும், தோ வரேன் என்கிற ஆட்டல். திரும்பிக்கொண்டு மறுபடி போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினார்.

எனக்கு அப்போது புரிந்தது. நான் செய்ததும் அத்தை செய்ததுதான். வாங்க, வந்துடுங்க, தயவுசெஞ்சு. கல்யாண வாசலில் பன்னீர் தெளித்துக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அப்படிக் கூப்பிட்டால் எந்த மனுஷன் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவான்? கொஞ்சம் நில்லுங்க என்றுதான் கையை ஆட்டுவான். கரைக்கு அடியில் நான் முதலில் பார்த்த கல் ஒன்று இப்போது இல்லை. தண்ணீர் அதை மூடிவிட்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் அவரால் ஓடையைத் தாண்ட முடியாது. நீச்சல் தெரிந்த மனுஷன்தான், ஆனால் இது நீந்துகிற தண்ணீர் இல்லை. எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம். போல்ட்டைக் கழற்றுகிற அந்த முதுகின் மேல் கோபம், ஆற்றை வீடியோ எடுக்கிறவர்கள் மேல் கோபம், முறையாவது மண்ணாவது என்று எல்லாவற்றின் மேலும் கோபம்.

"யோவ்!" என்று கத்தினேன். "யோவ், காது கேக்கல? எழுந்து வாய்யா! செத்துப்போவப் போற! போட்டுட்டு வாய்யா மேல!"

போன்கள் எல்லாம் இறங்கின. ஆற்றைப் பார்த்த தலைகள் எல்லாம் என்னைப் பார்த்தன. "மாமனாரப் போயி யோவ்ங்குதே" என்று யாரோ மெதுவாகச் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

அவர் எழுந்தார். ஸ்பேனர் கீழே விழுந்தது. ஒரு கணம் அப்படியே நின்று என்னைப் பார்த்தார். பிறகு நடக்க ஆரம்பித்தார். தண்ணீருக்குப் பயந்து வருகிற நடை இல்லை அது, என்னை அடிக்க வருகிற நடை. நேராக என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஓடையில் இறங்கினார். முழங்கால் வரை தண்ணீர் இருந்தது, அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. நடு ஓடையில் தொடைக்கு வந்தது, ஒரு பக்கமாக இழுத்தது, தடுமாறினார். 'கோவம் தணியக்கூடாது, சாமி, இவருக்குக் கோவம் தணியக்கூடாது' என்று வேண்டிக்கொண்டேன். கடவுளிடம் அப்படி ஒரு வரம் நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அவர் அந்த இழுப்பையும் திட்டிக்கொண்டே மிதித்து இந்தப் பக்கம் வந்தார். ரெண்டு பேர் இறங்கிக் கை கொடுத்தார்கள். அந்தக் கைகளை உதறிவிட்டு என் முன்னால் வந்து நின்றார்.

வேட்டி தொடையோடு ஒட்டிச் சேறு வழிந்தது. கண் சிவந்திருந்தது. கையை ஓங்கினார்.

"இன்னாடி சொன்ன? இன்னொரு தபா சொல்லு பாக்கலாம்!"

எனக்கு அழுகை வந்தது. ஆனால் பின்வாங்கத் தோன்றவில்லை. அடித்தால் அடிக்கட்டும், ஆள் கரைமேல் நின்றுதானே அடிக்கிறார் என்று இருந்தது.

"வாய்யா மேலன்னு சொன்னேன்" என்றேன்.

ஓங்கிய கை அங்கேயே நின்றது. அப்போது பின்னால் கூட்டம் ஒரே குரலாக அலறியது. அவர் திரும்பினார். ஓடை என்று ஒன்று இல்லை. ஓடையும் படுகையும் ஆறும் ஒரே தண்ணீராகிக் கரும்பின் தோகை மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து தெரிந்தது. கொட்டகையின் தகரக் கூரை ஒருமுறை எழும்பி, திரும்பிப் படுத்து, மெல்லக் கிளம்பிப் போனது. அவர் உட்கார்ந்திருந்த இடத்தைக் கண்ணால் தேடினேன், எது என்று தெரியவில்லை.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஓங்கிய கை இன்னும் இறங்கவில்லை. பிறகு அந்தக் கை கீழே வந்து என் தோளைப் பிடித்தது. பிடித்தது என்றுகூடச் சொல்ல முடியாது, மொத்த உடம்பையும் அதில் சாய்த்தது. விரல்கள் சில்லென்றிருந்தன.

"புடிச்சிக்கோம்மா" என்றார். "வுட்டுடாத."

ரெண்டு கையாலும் அவரைப் பிடித்துக்கொண்டேன்.